வாய்ச் சாவடி

களியக்காவிளைச் சாவடியில்
முப்பத்தோரு வருஷம் எனக்கு மேசை.
வண்டி எண், சரக்கு, எங்கிருந்து, எங்கே,
கடைசிக் கட்டத்தில் குறிப்பு.
தக்காளிக்கு அடியில் தேக்கு வந்தால்
குறிப்பு காலியாக இருக்கும்,
சட்டைப் பை காலியாக இருக்காது.
இதை இப்போது சொல்வதில் வீரமில்லை.
சாவடியையே எடுத்துவிட்டார்கள்.

ரெஜிலெட் போனபின் மூன்று வருஷம்
நான் ஒழுங்காகச் சமைக்கவில்லை.
விடிந்தால் கட்டன் சாயா, ரஸ்க்.
சாயங்காலம் பேக்கரியில் பழம்பொரி.
ராத்திரி மறுபடி ரஸ்க்.
ஒரு சிலிண்டர் பத்து மாதம் வந்தது.
அதைப் பெருமையாகக் கூடச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு சொற்கள் வரத்து குறைந்தது.
கரண்டி.
பக்கத்து வீட்டுக்காரன் மகளின் பேர்.
போன மாதம்.
ஒருநாள் பாறசாலை ரயில் நிலையத்தில்
கையில் உரித்த தேங்காயோடு நிற்கிறேன்.
இது யார் தேங்காய் என்று
ஒரு வண்டி போய் இன்னொரு வண்டி வரும்வரை யோசித்தேன்.
நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்பது
அதற்கப்புறம்தான் தோன்றியது.
பயம் அதற்கும் அப்புறம்.

திருவனந்தபுரத்தில் டாக்டர் படம் காட்டினார்.
மீன். என்ன மீன்?
சாளை, என்றேன்.
அவர் பேனா ஒரு நொடி நின்றது.
தாளில் மத்தி என்று இருந்திருக்கும்.
எல்லைக்கு இந்தப் பக்கம் சாளை, அந்தப் பக்கம் மத்தி,
மீனுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.
எனக்கு மதிப்பெண் கிடைத்ததா என்று கேட்கவில்லை.
மூன்று சொல் தருகிறேன், வைத்திருங்கள், என்றார்.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வைத்து
திருப்பிக் கேட்டார்.
குடை.
பாலம்.

கடைசியில்தான் கேட்டார்,
வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள்?
அதுவும் பரீட்சை என்று நினைத்து
விடை தேடிக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தில் பி பன்னிரண்டு தரைதட்டிக் கிடந்தது,
சர்க்கரை ஓட்டின்மேல் ஏறி நின்றது.
ஊசி போடலாம், சாப்பாட்டைத் திருத்தலாம்,
கொஞ்சம் திரும்பி வரும்,
எல்லாம் வருமென்று சொல்ல மாட்டேன், என்றார்.
இத்தனை நேர்மையான வாக்கியத்தை
ஒரு லாரிக்காரனிடமும் நான் சொன்னதில்லை.

பரணில் பழைய பதிவேடு ஒன்று, பாதி வெற்று.
கட்டங்கள் போட்டே இருந்தன.
இப்போது வாய்தான் சாவடி.
சிறுபயறு, ஒரு கிண்ணி, அடுப்பிலிருந்து.
முருங்கையிலை, மதில் ஓரத்து மரம்.
முட்டை ஒன்று.
சாளை ஆறு, வள்ளவிளைக் கடல், பிலோமி கூடை.
பழம்பொரி ஒன்று சில நாள்
பில் இல்லாமல் வரும்.
பழைய ஆள்தானே நான், கையசைத்து விட்டுவிடுவேன்.
குறிப்பு: காலி.

செதிள் சுரண்டப் பழகினேன்.
குடம்புளி எத்தனை சுளை என்பதை
ரெஜிலெட்டிடம் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை.
அது மறதிக் கணக்கில் வராது.

நேற்றோ முந்தாநாளோ
பிலோமி கூடை இறக்கினாள்.
நூறு ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை.
"சாறே, பைசா நேத்தைக்கே தந்தாச்சு.
எனக்கு என்னத்துக்கு ரெண்டு மட்டம்?"
தெருவில் ஆளில்லை.
எனக்கு ஞாபகமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.
அந்த நோட்டைப் பிடித்தபடி
முப்பத்தோரு வருஷமும் என் கையில் கனத்தது.
அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்து
அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
சாளை ஆறு, காசு முன்பே கட்டியாயிற்று.
குறிப்பு: ஆள் நேர்மை.
அந்தக் கட்டத்தில் முதல்முறையாக
உள்ளதை எழுதினேன்.

குடை வந்தது, பாலம் வந்தது.
மூன்றாவது இன்னும் வழியில் எங்கோ.
மழையில் நிற்கிறதோ, டயர் பஞ்சரோ.
மேசையில் இருக்கிறேன்.
பேனா மூடியைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.